புகைபோக்கியாரும் ஏழு செத்தல் மிளகாயும்

ஜெர்மனியில் வாழும் தமிழரில் வரி அலுவலகத்துக்குப் பயப்படாதவர்கள் உண்டு. மாமியாருக்குப் பயப்படாத மருமகள்மார்கூட ஒன்றிரண்டு பேர் இருப்பதாகக் கேள்வி. ஆனால் புகைபோக்கியாருக்குப் பயப்படாத தமிழ்க் குடும்பம் எங்கள் கெல்சென்கிர்ச்சன் பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. "நாளைக்குப் புகைபோக்கியார் வாறாராம்" என்று ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் போதும். அரை மணித்தியாலத்துக்குள் பத்து வீடுகளில் ஆட்கள் கதிரையில் ஏறி நின்று கூரையிலிருந்து எதையோ கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. வீடுகளின் புகைபோக்கிகளைத் துடைப்பதும், அடுப்புகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிப்பதும் அவருடைய தொழில். இந்த நாட்டில் அது வட்டாரம் பிரித்துக் கொடுக்கும் உத்தியோகம். வாசல் கதவில் ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் போவார். துண்டில் குறித்த நாள் நேரத்துக்கு, இங்கத்தைய பேச்சில் டெர்மினுக்கு, வருவார். உங்களுக்கு விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, கதவைத் திறக்கத்தான் வேண்டும்.

பதினேழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இங்கே இந்தத் தொழிலைப் படித்தவர் அவர். "ஊரில மாமரத்தில ஏறினதுக்கு அம்மா பூவரசம் தடியால வெளுத்தவ. இஞ்ச மூண்டு வருசம் படிப்பிச்சு, பத்திரமும் தந்து, கூரையில ஏத்தி விட்டிருக்கிறாங்கள்" என்பார்.

அவர் தெருவில் வருவதே ஒரு காட்சி. உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு. கறுப்புக் கோட்டில் இரண்டு வரிசையாகப் பொன்னிறப் பட்டன்கள். தலையில் நீளக் கறுப்புத் தொப்பி. தோளில் சுருட்டிய கயிறும், அதன் நுனியில் இரும்புக் குண்டும் தூரிகையும். நெஞ்சில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி குத்தியிருக்கும். அது என்ன என்று கேட்டால், "என்ர ரெண்டாவது மூக்கு" என்பார். "முதல் மூக்குக்கு உங்கட கருவாடு மணக்கும். மணக்காத நஞ்சு இதுக்குத்தான் மணக்கும்."

இந்த நாட்டு மக்களுக்கு அவரைக் காண்பது அதிர்ஷ்டம். புகைபோக்கி துடைப்பவரின் பட்டனைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. பஸ் தரிப்பிடத்தில் அவர் நின்றால், கோட்டும் சூட்டும் போட்ட வங்கிக்காரர்கூட வெட்கத்தோடு வந்து பட்டனைத் தடவிவிட்டுப் போவார். எங்கள் ஆட்களோ அவரைக் கண்டதும் போன காரியத்தை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். கன்னங்கரேலென்று ஒற்றை ஆளாக எதிரே வந்தால் சகுனம் என்னாவது? நாங்கள் வேதக்காரர்தான், ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிறவர்கள்தான். அதற்காகச் சகுனத்தை யாழ்ப்பாணத்திலேயே விட்டுவிட்டு வர முடியுமா?

என் சாரதிப் பரீட்சை நாளன்று அவர் எதிர்ப்பட்டார். நான் உடனே வீட்டுக்குத் திரும்பி, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் புறப்பட்டேன். பஸ் போய்விட்டது. எனக்குப் பின்னால் வந்த ஜெர்மன் பெட்டை அவருடைய பட்டனைத் தொட்டுவிட்டு, அதே பஸ்ஸில் ஏறிப் போய், அன்றைக்கே பாஸ் பண்ணினாள். நான் மூன்றாம் தடவைதான் பாஸ். பிறகொரு நாள் இதை அவரிடமே சொன்னேன். "பிள்ளை, நீங்கள் என்னைக் கண்டு பெயிலாகேல்லை, என்னைக் கண்டு திரும்பினதில பெயிலானனீங்கள்" என்றார்.

கதிரையில் ஏறி எதைக் கழற்றுவார்கள் என்று சொல்லவில்லையே. புகை அலாரத்தின் தொப்பியைத்தான். கடுகு தாளித்தால் கத்தும், மிளகாய் வறுத்தால் கத்தும், சாம்பிராணிக்குக் கத்தும். அதனால் நம் வீடுகளில் அதன் வாயை மூடிவைப்பது வழக்கம். குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி அதற்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். புகைபோக்கியார் அப்படிப் பறித்தெடுத்த தொப்பிகளைத் தன் வான் வண்டிக்குள் ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒரு இடியப்ப உரல் மூடியும், ஒரு குழந்தையின் காலுறையும் இருந்ததை நானே பார்த்தேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. வேலை முடிந்து, கையெழுத்து வாங்கி, தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்ததும், "சரி, வாறன். தேத்தண்ணி வேண்டாம்" என்பார். இதில் விசேஷம் என்னவென்றால், அவருக்கு யாரும் தேநீர் வேண்டுமா என்று கேட்டதே இல்லை. கரி அப்பிய கோட்டோடு சோபாவில் உட்கார்ந்துவிடுவாரோ என்று, அவர் எப்போது வெளியே போவார் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கேட்காத கேள்விக்கு எப்போதும் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுப் போகும் மனிதர் அவர். எங்களுக்கு அது பெரிய பகிடி.

நாங்கள் சொந்த வீடு வாங்கியபோது வரவேற்பறையில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு ஒன்றும் கூடவே வந்தது. என் கணவர் அன்ரனுக்குத் தலைகால் புரியவில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிறவர் அவர். உலகத்தில் தன்னால் திருத்த முடியாதது தன் மனைவி மட்டும்தான் என்று சொல்லித் திரிவார். முதல் குளிர் தொடங்கியதும் கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் அந்த அடுப்புக்குள் போட்டு எரித்தார்.

பிறகு புகைபோக்கியார் வந்தார். அடுப்புக்கு முன்னால் முழங்காலில் இருந்து, சாம்பலை விரலால் தொட்டு, சாத்திரக்காரர் கைரேகை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தம்பி அன்ரன், கலியாணக் காட் எரிச்சிருக்கிறியள். மினுக்கம் பூசின காட்."

அன்ரன் என்னைப் பார்த்தார்.

"தேங்காய்ச் சிரட்டையும் போட்டிருக்கிறியள். உது, பழைய கட்டில் கால். வர்ணம் அடிச்ச கால்."

"அண்ணை, நீங்கள் இதெல்லாத்தையும் எப்பிடி..."

"உங்கட வீட்டில என்ன நடக்குதெண்டு பாதருக்குச் சொல்லாட்டிலும் புகைக்கூட்டுக்குச் சொல்லியே ஆகவேணும்" என்றார். பிறகு விறகுக் குவியலிலிருந்து இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். தொப் என்றது. "ஈர விறகு. தேங்காயைத் தட்டி வாங்கத் தெரியும், விறகைத் தட்டிப் பாக்கத் தெரியாதோ? காய்ஞ்ச விறகு டங்கெண்டு சொல்லும். ஈர விறகை எரிச்சால் புகைக்கூட்டுக்குள்ள தார் பிடிக்கும். ஒருநாள் அந்தத் தார் பத்தும். பேந்து வீடும் இல்லை, கட்டிலும் இல்லை."

அதோடு விட்டிருந்தால் அன்ரன் பொறுத்திருப்பார். புகைபோக்கியார் சமையலறைக்குள்ளும் வந்தார். அங்கேதான் எங்கள் பெருமை தொங்கிக்கொண்டிருந்தது. மீன் பொரிக்கும் மணம் அக்கம்பக்கம் போகக்கூடாதென்று, உணவகங்களுக்குப் போடும் அளவில் ஒரு புகை உறிஞ்சியை அடுப்புக்கு மேலே பூட்டியிருந்தார் அன்ரன். அதைப் போட்டால் ஆகாய விமானம் ஏறுவதுபோல இரையும். பக்கத்து அறைத் திரைச்சீலையெல்லாம் சமையலறைப் பக்கம் திரும்பிக் கும்பிடும்.

புகைபோக்கியார் யன்னல்களைச் சாத்தச் சொன்னார். வரவேற்பறை அடுப்பின் கதவை ஒரு விரல் அளவு திறந்து, அதற்குப் பக்கத்தில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்தார். புகை அழகாக அடுப்புக்குள் போனது. "இப்ப அதைப் போடுங்கோ பிள்ளை" என்றார். நான் உறிஞ்சியைப் போட்டேன். ஊதுபத்திப் புகை அப்படியே திரும்பி, எங்கள் முகத்துக்கு வந்தது.

"கண்டியளே? மேல போக வேண்டிய புகையை உங்கட மீன்பொரியல் மெசின் கீழ இழுக்குது. உதோட சேந்து காபனோரொட்சைட் எண்ட நச்சு வாயுவும் வரும். அது மணக்காது, கண்ணுக்குத் தெரியாது. தலையிடிக்கும், நித்திரை வரும். அந்த நித்திரையால எழும்ப ஏலாது."

யன்னலில் ஒரு பொறி பூட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். யன்னல் விளிம்பில் ஒரு சிறு காந்தம், சட்டத்தில் ஒரு பெட்டி. யன்னல் திறந்தால் காந்தம் விலகும். அப்போது மட்டும்தான் உறிஞ்சி வேலை செய்யும். "சரி, வாறன். தேத்தண்ணி வேண்டாம்" என்று போய்விட்டார்.

அன்ரன் இரண்டு நாள் முறுகிக்கொண்டு திரிந்தார். "எனக்கே மெசின் படிப்பிக்க வந்திட்டார்!" ஆனாலும் பொறியைப் பூட்டினார். புகைபோக்கியார் வந்து பார்த்துச் சரி சொல்லிவிட்டும் போனார். அதன்பிறகு நான் மார்கழிக் குளிரில் யன்னலைத் திறந்துவைத்து, குளிர்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு மீன் பொரித்தேன். எண்ணெய் கொதிக்கும், என் மூக்கு உறையும். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு மனுசனைப் பார்த்து, "ஊருலகத்தில எல்லாத்தையும் திருத்துற ஆள், இதுக்கொரு வழி பாக்க ஏலாதோ?" என்று கேட்டேன். குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த நாள் யன்னலைச் சாத்தினாலும் உறிஞ்சி வேலை செய்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் அல்லவா?

அந்தக் கிறிஸ்மஸ் எங்கள் சொந்த வீட்டில் முதல் கிறிஸ்மஸ். கொலோனிலிருந்து இரண்டு வானில் சொந்தக்காரர் வந்தார்கள். வீட்டாரோடு சேர்த்து இருபத்தாறு பேர். அன்ரன் மத்தியானமே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். விறகு தணலாகிக் கண்ணாடிக்குள் செக்கச்செவேலென்று கிடந்தது. தணலில் புகை தெரியாது. நான் சமையலறையில் உறிஞ்சியை முழு வேகத்தில் விட்டு, ரோல்ஸும் கட்லெட்டும் மீனும் பொரித்துக்கொண்டிருந்தேன். யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது, கூரை அலாரத்துக்கும் தொப்பி போட்டிருந்தது.

மூன்று மணிபோல என் தலை விண்விண்ணென்று இடித்தது. எண்ணெய்க்கு முன்னால் நின்றதுதான் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளைகள் சோபாவில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கண்ணயர்ந்தார்கள். பயணக் களை என்றார்கள். எங்களோடு இருக்கும் என் மாமியார், தலையைப் பிடித்துக்கொண்டு மேல்மாடி அறையில் போய்ப் படுத்தார். என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இது சும்மா தலையிடி இல்லை. புது வீடு, புது அடுப்பு, வந்த சனம் முழுக்க வாயைப் பிளந்து பாத்தது. கண்ணூறு. ஏழு செத்தல் மிளகாய் எடுத்துச் சுத்திப் போடு."

வேதக்காரர் செய்யக்கூடாததுதான். பாதருக்குத் தெரியாதவரை குற்றமில்லை என்பது மாமியின் கட்சி. ஏழு செத்தல் மிளகாயும் ஒரு பிடி உப்பும் எடுத்து, மாமியின் தலையை மூன்று தரம் சுற்றினேன். கீழே இறங்கி வந்து, அடுப்பின் கண்ணாடிக் கதவைத் திறந்து தணலுக்குள் போட்டேன்.

இதில் ஒரு விதி உண்டு. மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் கண்ணூறு பட்டிருக்கிறது. நெடி வந்தால் இல்லை. அன்று புகைபோக்கிக்குள் போக வேண்டிய அத்தனை நெடியும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வரவேற்பறைக்குள் வந்தது. விதிப்படி பார்த்தால் எங்கள் குடும்பத்தின்மேல் பிறந்த நாள் முதலாக எவனும் கண்வைக்கவில்லை.

பட்டுச்சேலையும் வேட்டியும் கோட்டும் சூட்டுமாக எல்லோரும் இருமிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, செருப்பும் இல்லாமல் முன் தோட்டத்து ஈரப் புல்லுக்கு ஓடினோம். இரண்டு பிள்ளைகள் ஓங்காளித்துச் சத்தி எடுத்தார்கள். அன்ரன் ஒரு கையில் கட்லெட்டுடன் நின்று என்னைத் திட்டத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிரே வந்தார் புகைபோக்கியார். அன்று டெர்மின் இல்லை. வருடக் கடைசியில் வீடு வீடாகப் போய்ப் புதுவருட நாட்காட்டி கொடுப்பது அவர்கள் வழக்கம். கக்கத்தில் நாட்காட்டிகளோடு வந்தவர் எங்களைக் கண்டதும் நின்றார். நாங்கள் சகுனம் பார்த்துத் திரும்புவதற்கு வீட்டுக்குள் போக முடியாத நிலையில் இருந்தோம்.

"ஏன் எல்லாரும் வெளியில நிக்கிறியள்?"

"மிளகாய் அண்ணை... கண்ணூறு கழிச்சது..."

"தலையிடிக்குதோ?"

"ஓம்" என்றோம், இருபது குரலில்.

நாட்காட்டிகள் புல்லில் விழுந்தன. "ஒருத்தரும் உள்ளுக்குப் போகாதேங்கோ! பிள்ளை, அவசர நம்பர் நூற்றுப் பன்னிரண்டுக்கு அடியுங்கோ. வீட்டில எல்லாமா எத்தினை பேர்?"

"இருபத்தாறு."

எண்ணினார். வாத்தியார் பிள்ளைகளை எண்ணுவதுபோல ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். "இருபத்தைஞ்சு. ஆர் இல்லை?"

நான் மேல்மாடி யன்னலை அண்ணாந்து பார்த்தேன். "மாமி! மாமி மேல படுத்திருக்கிறா!"

அன்ரன் பாய்ந்தார். புகைபோக்கியார் அவரை மார்பில் கைவைத்துத் தள்ளிய தள்ளில் அவர் என்மேல் விழுந்தார். "நீரும் விழுந்தால் நான் ரெண்டு பேரைத் தூக்க வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். வாசலைத் தாண்டியதுமே அவருடைய நெஞ்சுப் பெட்டி வீறிட்டது. அந்தச் சத்தம் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றிப் போவது வெளியே கேட்டது. யன்னல்கள் படார் படாரென்று திறந்தன. உறிஞ்சி நின்றது. பிறகு மாடிப்படியில் சத்தம். நான் மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லத் தொடங்கி, மூன்றையும் பிழையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மாமியின் மாம்பழ நிறப் பட்டுச்சேலை முழுக்க அவருடைய கரிக்கை அச்சு. புல்லில் கிடத்தி, கன்னத்தில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் மாமி கண்ணைத் திறந்தார். நல்ல நாளில், ஒரு சாண் தூரத்தில், கறுப்பு முகமும் கறுப்புத் தொப்பியும்.

"நான் செத்திட்டனோ?" என்றார் மாமி.

"இல்லை அம்மா. அதுக்கு நான் டெர்மின் தரேல்லை."

அம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வந்து, எல்லோருக்கும் மூச்சுப் பார்த்தார்கள். மாமி மட்டும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மற்றவர்களுக்குத் தலையிடியோடு போயிற்று. வீடு காற்றோடி, அளந்து பார்த்துச் சரி என்ற பிறகு புகைபோக்கியார் சமையலறைக்குள் போனார். நானும் அன்ரனும் பின்னால் போனோம். யன்னல் விளிம்பைத் தடவினார். காந்தம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

அன்ரன் கூரையைப் பார்த்தார். புகைபோக்கியார் பிரிட்ஜைப் பார்த்தார். அதன் கதவில் மடு மாதாவின் படம் இருந்தது. படத்தின் உச்சியில், யன்னலுக்குரிய அந்த வெள்ளைக் காந்தம்.

அவர் தொப்பியைக் கழற்றினார். படத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காந்தத்தை மெல்ல எடுத்தார். "தாயே, நீங்கள் இதுக்கு உடந்தையில்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அன்ரனைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்தார். "இருபத்தாறு பேர், தம்பி" என்றார். "அந்த மிளகாய் இல்லையெண்டால் நான் வந்து மணியடிச்சிருப்பன். என்னைக் கண்டு கதவைத் திறக்கேல்லை எண்டு நினைச்சு, நாட்காட்டியை வாசலில வைச்சிட்டுப் போயிருப்பன்."

அன்ரன் சுவரோடு சாய்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

புகைபோக்கியார் அடுப்பை மூடி முத்திரை வைத்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதி, கையெழுத்து வாங்கினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். "சரி, வாறன். தேத்தண்ணி வேண்டாம்."

எத்தனையோ தடவை கேட்டுச் சிரித்த வார்த்தை. அன்றுதான் அது என் காதில் விழுந்தது. வாய் திறப்பதற்குள் படலையைத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பங்குனியில் கதவில் துண்டு ஒட்டியிருந்தது. அடுப்பைத் திரும்பச் சோதிக்க எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வருகிறாராம். மாமி ஏழரைக்கே மாம்பழ நிறப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். கரி போகாத அதே சேலை. அவர் வந்ததும் எழுந்து போய், எல்லோரும் பார்க்க, அவருடைய பட்டனைப் பிடித்துத் தேய்த்தார். ஒன்றையல்ல, இரண்டு வரிசையையும். பிறகு முந்தானையிலிருந்து ஏழு செத்தல் மிளகாயை எடுத்து அவரைச் சுற்றத் தொடங்கினார்.

"என்னம்மா செய்யிறியள்?"

"பேசாமல் நில்லும் தம்பி. உந்தப் பட்டனில எத்தினை சனத்தின்ர கை பட்டிருக்கு? எவ்வளவு கண்ணூறு கிடக்கும்! பிள்ளை, இதைக் கொண்டுபோய் அடுப்புக்குள்ள போடு."

"அடுப்புக்குள்ள விறகைத் தவிர ஒண்டும் போடக்கூடாது!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு யன்னல்கள் திறந்தன. மாமி மிளகாயை நல்லபிள்ளையாக முந்தானையில் திரும்ப முடிந்துகொண்டார். மாமியை யாரும் அதட்டி அதுவரை நான் பார்த்ததில்லை. அவர் அடங்கியும் பார்த்ததில்லை.

எல்லாம் சோதித்தார். காந்தம் யன்னலில் இருந்தது. மாதா படத்தைப் பசைத்தாள் பிடித்துக்கொண்டிருந்தது. மாடியிலும் கீழேயும் புதிதாக மாட்டிய 'ரெண்டாவது மூக்கு'களை அமத்திப் பார்த்தார். முத்திரையைக் கழற்றினார். கையெழுத்து வாங்கினார். தொப்பியை எடுத்தார்.

"சரி, வாறன். தேத்தண்ணி..."

"ஊத்தியாச்சு" என்றார் மாமி. "இருந்து குடிச்சிட்டுப் போம்."

அவர் சோபாவைப் பார்த்தார், தன் கோட்டைப் பார்த்தார். அன்ரன் ஓடிப்போய் ஒரு பழைய பேப்பரை விரித்தார். மாமி அதை உருவி எறிந்தார். "கரி பட்டால் என்ன, என்ர சேலையில படாத கரியோ?"

உட்கார்ந்தார். சீனி எவ்வளவு என்று கேட்டேன். எங்கள் ஆட்களின் வீட்டில் அந்தக் கேள்வியை அவரிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "மூண்டு கரண்டி" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

இப்போதும் வருகிறார். இப்போதும் விறகைத் தட்டிப் பார்த்து ஏசுகிறார். எல்லாம் முடிந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு "தேத்தண்ணி வேண்டாம்" என்பார். சொல்லிவிட்டுப் போய் சோபாவில் உட்காருவார். அந்த மூலை கறுத்தே போய்விட்டது. அடுத்த வருடம் அவருக்கு வேறு வட்டாரம் கொடுக்கக்கூடும் என்று ஒரு கதை அடிபடுகிறது. எங்கள் வீட்டில் இன்னமும் எல்லோருக்கும் புகைபோக்கியார் என்றால் பயம்தான். அவர் வராமல் போய்விடுவாரோ என்ற பயம்.